தண்ணீர்த் தவளை மிதக்கிறது, கவிழ்கிறது, ஊதுகிறது: அறிகுறியைப் பார்த்துக் காரணத்தைக் கண்டுபிடிக்கும் வழி

மீன் தொட்டியில் வளரும் தவளை கீழே இறங்க முடியாமல் மேலேயே கிடந்தால், பெரும்பாலானோர் கடைக்கு ஓடி மீனுக்கான ஏதோ ஒரு மருந்துக் குப்பியை வாங்கிவந்து ஊற்றிவிடுகிறார்கள். தவளையின் தோல் மீனுடையதைப் போல் செதில் மூடியதல்ல. தண்ணீரில் கரைந்திருப்பதையெல்லாம் அது உள்ளே இழுத்துக்கொள்ளும். அதனால் செம்பு, ஃபார்மலின், மாலகைட் பச்சை கலந்த மருந்துகள் பல நேரம் நோயைவிட வேகமாகத் தவளையைக் கொன்றுவிடுகின்றன. மிதப்புக்குப் பல காரணங்கள் உண்டு, அவற்றில் சிலவற்றுக்கு மருந்தே தேவையில்லை. உடம்புக்குள் சேர்ந்திருப்பது காற்றா, நீரா, திடப்பொருளா, அது எந்த இடத்தில் இருக்கிறது என்று முதலில் பார்த்துவிட வேண்டும். இந்த வழிமுறை முழுவதும் அந்த ஒரு கேள்வியைச் சுற்றித்தான்.

இங்கே பேசுவது முழுநேரமும் தண்ணீரிலேயே வாழும் இரண்டு வகைகளைப் பற்றி. ஒன்று ஆப்பிரிக்கக் குள்ளத் தவளை, அதாவது ஹைமனோகைரஸ். மூன்று நான்கு சென்டிமீட்டர்தான் இருக்கும், நான்கு கால்களிலும் விரல்களுக்கிடையே சவ்வு உண்டு. மற்றது ஆப்பிரிக்க நகத் தவளை, ஜெனோபஸ் லேவிஸ். பெண் தவளை உள்ளங்கை அளவுக்கு வளரும், முன்கால் விரல்களில் சவ்வு இருக்காது. கடைகளில் வெள்ளைத் தவளை என்று விற்பது பெரும்பாலும் இதன் அல்பினோ வகை. இரண்டும் நுரையீரலால் மூச்சுவிடுபவை. அந்த நுரையீரலே அவற்றுக்கு மிதவையும் கூட: காற்றைக் கூட்டியும் குறைத்தும்தான் எந்த ஆழத்தில் நிற்பது என்பதைச் சரிசெய்துகொள்கின்றன. ஆகவே நுரையீரலில் கோளாறு என்றால் மூச்சும் மிதப்பும் சேர்ந்தே கெடும்.

எந்தக் காரணமாக இருந்தாலும் முதலில் செய்ய வேண்டியது

தண்ணீரின் ஆழத்தைக் குறையுங்கள். தவளை பின்கால் விரல்களை ஊன்றி நின்றால் மூக்கு தண்ணீருக்கு மேலே வர வேண்டும், அவ்வளவு உயரம் போதும். குள்ளத் தவளைக்கு நான்கைந்து சென்டிமீட்டர், வளர்ந்த நகத் தவளைக்கு எட்டு முதல் பத்து சென்டிமீட்டர். சோப்பு படாத ஒரு பிளாஸ்டிக் டப்பாவில், தவளை இருந்த தொட்டியின் தண்ணீரையே பாதிக்கு மேல் ஊற்றி, மீதிக்குக் குளோரின் நீக்கிய, அதே சூட்டிலுள்ள தண்ணீரைச் சேருங்கள். ஒளிந்துகொள்ள வழவழப்பான ஒரு சின்னக் குழாய்த்துண்டு அல்லது கவிழ்த்த கோப்பை, மேலே காற்றுப் புகும் மூடி. நகத் தவளை நோயிலும் துள்ளி வெளியே விழும், மூடி கட்டாயம். விளக்கு வேண்டாம், சாப்பாடு வேண்டாம். தினமும் பாதித் தண்ணீரை மாற்ற வேண்டும்.

தவளையை எடுக்க வலையைவிட ஒரு கோப்பை நல்லது, தண்ணீரோடு சேர்த்து முகந்துவிடலாம். வலையில் நகத் தவளையின் கால் சிக்கித் தோல் கிழியும்.

இந்த டப்பாவைச் சமையலறைத் தொட்டியில் கழுவாதீர்கள். அமெரிக்காவில் 2008 முதல் 2011 வரை குள்ளத் தவளைகளிலிருந்து பரவிய சால்மொனெல்லா தொற்றில் 376 பேர் நோயுற்றார்கள், அதில் பெரும்பாலோர் குழந்தைகள். ஆரோக்கியமாகத் தெரியும் தவளையிடமும் அந்தக் கிருமி இருக்கலாம். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். கையில் வெட்டுக்காயம் இருந்தால் பவுடர் இல்லாத கையுறையைத் தண்ணீரில் அலசிவிட்டுப் போட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டிலேயே செய்யக்கூடிய மூன்று சோதனைகள்

முதலாவது தராசு. நகை எடை பார்க்கும் சின்ன டிஜிட்டல் தராசு வேண்டும், குள்ளத் தவளை சில கிராம்தான் இருக்கும் என்பதால் சமையலறைத் தராசு உதவாது. ஒரு கிண்ணத்தில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றித் தராசில் வைத்துப் பூஜ்ஜியமாக்கி, தவளையை விட்டு எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். மறுநாள் அதே நேரத்தில் மறுபடி. உடல் பெருத்து எடையும் ஏறினால் உள்ளே சேர்வது நீர். உடல் பெருத்தும் எடை அப்படியே இருந்தால் காற்று. இத்தனை எளிய சோதனையை யாரும் செய்வதில்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம், மருத்துவரும் முதலில் கேட்பது இதைத்தான்.

இரண்டாவது டார்ச். அறை விளக்கை அணைத்துவிட்டு, கண்ணாடி டப்பாவில் இருக்கும் தவளையின் பின்புறமிருந்தோ அடியிலிருந்தோ செல்போன் விளக்கைச் சில நொடிகள் காட்டுங்கள். காற்றும் தெளிந்த நீரும் ஒளியை விடும், வயிறு பளிச்சென்று தெரியும். முட்டை, மலம், கல், கட்டி இவை இருளாகத் தெரியும். கண்ணில் நேராக அடிக்காதீர்கள்.

மூன்றாவது, அது தானாக மிதக்கிறதா, வேறு வழியில்லாமல் மிதக்கிறதா என்று பார்ப்பது. டப்பாவுக்கு மாற்றுவதற்கு முன், தொட்டியில் இருக்கும்போதே விரலைத் தண்ணீருக்கு மேலே மெல்ல அசையுங்கள். நலமான தவளை பாய்ந்து கீழே போய் அங்கேயே இருக்கும். கோளாறுள்ளது உதைத்து உதைத்துக் கொஞ்சம் இறங்கும், கால் நின்றவுடன் தானாக மேலே வந்துவிடும்.

இனி அறிகுறிகள். உயிருக்கு உடனடி ஆபத்தானதிலிருந்து தொடங்குகிறேன்.

மேலே வரவே முடியவில்லை, அடியில் கிடந்து திணறுகிறது

மிதப்பதை மட்டுமே பலர் கவனிக்கிறார்கள். மூழ்குவது அதைவிட மோசம், ஏனென்றால் தண்ணீர்த் தவளையும் மூச்சுமுட்டிச் சாகும். தவளை மேலே வரப் பாதி தூரம் ஏறித் திரும்ப விழுந்தால், வேறு எதையும் யோசிக்காமல் ஆழத்தைக் குறைத்துவிடுங்கள்.

குள்ளத் தவளைக்குத் தொட்டியே அதிக ஆழமாக இருப்பது ஒரு காரணம். முப்பது சென்டிமீட்டருக்கு மேல் ஆழம் இருந்தால் ஒவ்வொரு மூச்சுக்கும் அது உழைக்க வேண்டும். மீன்களோடு வளர்த்து, மீன்கள் சாப்பாட்டையெல்லாம் தின்றுவிட, தவளை பட்டினியில் மெலிந்து தெம்பு இழப்பது இன்னொன்று. பார்வை மங்கலான, மெதுவாகச் சாப்பிடும் பிராணி இது, மேலே தூவும் உணவு அதற்குப் போய்ச் சேராது. இடுப்பெலும்பு துருத்திக்கொண்டு தொடை சுருங்கியிருந்தால் பட்டினிதான். ஃபில்டரின் உறிஞ்சு குழாயில் கால் மாட்டியிருந்ததா என்றும் பாருங்கள்.

பட்டினி என்றால் ஆழமில்லாத டப்பாவில் உறைநீக்கிய ரத்தப்புழுவை இடுக்கியால் மூக்கருகே காட்டுங்கள். மேலே சாப்பாடு வேண்டாம் என்று சொன்னது இந்த ஒரு தவளைக்குப் பொருந்தாது.

அசையாமல் கைகாலை விரித்துத் தொங்குகிறது, தொட்டால் பாய்ந்து போகிறது

இது நோயில்லை. குள்ளத் தவளைகள் நீர்மட்டத்தில் நான்கு கால்களையும் விரித்து, சில சமயம் ஒற்றைக் காலை மட்டும் ஒரு செடியில் ஊன்றி, நெடுநேரம் அசையாமல் இருக்கும். புதிதாக வளர்ப்பவர்கள் செத்துவிட்டது என்றே நினைத்துவிடுவார்கள்.

பயணம் செய்து வந்த முதல் நாளும், வலையில் பிடித்த பிறகும் மிதப்பது இயல்பு. பயந்த தவளை நுரையீரலை நிறைய ஊதிக்கொள்ளும். அதற்கு நம்மைப் போல விலா எலும்பும் உதரவிதானமும் இழுத்து மூச்சுவிடும் அமைப்பு கிடையாது, வாயின் அடித்தளத்தை ஏற்றி இறக்கிக் காற்றை உள்ளே தள்ளுகிறது. தள்ளித் தள்ளி நிரப்பிக்கொண்ட காற்று அமைதியான பிறகு மெல்ல வெளியே வரும். இருட்டில் விடுங்கள், மறுநாள் சரியாகிவிடும். ஆகவில்லை என்றால் கீழே படியுங்கள்.

வயிறு கொஞ்சம் உப்பல், இறங்க முயன்றும் முடியவில்லை, எடை கூடவில்லை

குடலில் காற்று. வளர்ப்புத் தவளைகளின் மிதப்புக் கோளாறில் கவனிப்பால் சரியாகும் வாய்ப்பு அதிகம் உள்ளது இதுதான்.

உணவைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். உலர்த்திய ரத்தப்புழுவை, குருணையை அப்படியே போட்டால் அவை மேலே மிதக்கும். தவளை மேலே வந்து உணவோடு காற்றையும் சேர்த்து விழுங்கும். உலர்ந்த உணவு வயிற்றுக்குள் போய் நீரை இழுத்து உப்பும். பத்து நிமிடம் தொட்டித் தண்ணீரில் ஊறவைத்து, மூழ்கும்படி செய்துதான் போட வேண்டும். நகத் தவளைக்கு நாக்கு கிடையாது, இரண்டு கையாலும் வாய்க்குள் தள்ளிக்கொள்ளும், கிடைக்கும்வரை தின்னும். அதற்கு இருக்கும் பசி நமக்கு அளவாகாது. வளர்ந்த நகத் தவளைக்கு வாரத்துக்கு இரண்டு மூன்று முறை, குள்ளத் தவளைக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் போதுமானது.

அடுத்து சூடு. குள்ளத் தவளைக்கு 24 முதல் 26 டிகிரி செல்சியஸ், நகத் தவளைக்கு 18 முதல் 22 டிகிரி ஏற்றது. இரண்டையும் ஒரே தொட்டியில் வைக்கக்கூடாது என்பதற்கு இந்த ஒரு காரணம் போதும், நகத் தவளை மற்றதைத் தின்றுவிடும் என்பது அடுத்த காரணம். சென்னை, மதுரை வெயிலில் தொட்டித் தண்ணீர் முப்பதைத் தாண்டும் மே மாதத்தில், நகத் தவளையின் வயிற்றில் உணவு செரிப்பதற்கு முன்பே புளிக்கத் தொடங்கும். தண்ணீர்மட்டத்தை நோக்கி ஒரு மேசை மின்விசிறியை வைத்தாலே இரண்டு மூன்று டிகிரி இறங்கும். ஐஸ் கட்டியை நேரடியாகப் போட்டுத் திடீரென்று குளிரவைப்பதும் செரிமானத்தை நிறுத்தும், அதுவும் உப்பலில்தான் முடியும்.

மூன்றாவதாகச் சுண்ணாம்புச் சத்துக் குறைவு. மாதக்கணக்கில் ரத்தப்புழு மட்டுமே தின்ற தவளைக்கு உடலில் கால்சியம் குறையும். தசை வேலை செய்யக் கால்சியம் வேண்டும், குடலும் தசைதான். குடல் நகராமல் காற்று தேங்கும். கூடவே கால்விரல் துடிப்பு, கால் விறைத்தல், வளைந்த முதுகு இருந்தால் இதைச் சந்தேகித்து மருத்துவரிடம் சொல்லுங்கள்.

செய்ய வேண்டியது: குள்ளத் தவளைக்கு மூன்று நாள், நகத் தவளைக்கு ஒரு வாரம் வரை பட்டினி. அதற்கான சூட்டில் ஆழமில்லாத தண்ணீர். மலம் கழித்ததா என்று தினமும் டப்பாவின் அடியைப் பாருங்கள், வெள்ளை டப்பா என்றால் எளிதில் தெரியும். பிறகு முதல் உணவாக நீர்த்தெள்ளு, அதாவது டாஃப்னியா, கொஞ்சம் கொடுங்கள். அதன் ஓடு குடலை நகர்த்த உதவும். எப்சம் உப்பில், அதாவது மெக்னீசியம் சல்ஃபேட்டில், குளிப்பாட்டச் சொல்பவர்கள் நிறைய இருக்கிறார்கள். சிறுநீரகம் கெட்ட தவளைக்கு மெக்னீசியம் ஆபத்து, நமக்கோ அதன் சிறுநீரகத்தின் நிலை தெரியாது. மருத்துவர் சொல்லாமல் நான் அதைச் செய்யச் சொல்ல மாட்டேன். வயிற்றை அமுக்கிக் காற்றை வெளியேற்றப் பார்ப்பதும் கூடாது. காற்று வயிற்றிலேயே தேங்கி, வாயில் நுரை தள்ளினால் மருத்துவர் மெல்லிய குழாயை விட்டு எடுக்க வேண்டியிருக்கும்.

உப்பல், மலம் இல்லை, டார்ச்சில் வயிற்றில் இருண்ட கட்டி

கல் விழுங்கியிருக்கலாம். உணவோடு சேர்ந்து தொட்டியின் பொடிக்கல்லும் வாய்க்குள் போகும், நகத் தவளைக்கு இது அடிக்கடி நடக்கிறது. மிக நுண்ணிய மணல் என்றால் மலத்தோடு வெளியே வந்துவிடும். வாய்க்குள் நுழையும், ஆனால் குடலைக் கடக்காத அளவுதான் ஆபத்து. எக்ஸ்ரேயில் கல் தெளிவாகத் தெரியும். நான்கைந்து நாள் மலமே இல்லாமல் இருந்தால் காத்திருக்காமல் எடுத்துப் போங்கள். தவளையின் தலையைவிடப் பெரிய கற்கள், அல்லது கல்லே இல்லாத வெறும் தரை, இந்த இரண்டில் ஒன்றுதான் நகத் தவளைக்குச் சரி.

ஒரு பக்கமாகச் சாய்ந்து மிதக்கிறது

வயிறு பெரிதாக உப்பவில்லை, ஆனால் ஒரு தோள் மேலே, ஒரு தோள் கீழே. அடிக்கடி நேராக்கிக்கொள்ளப் பார்க்கும். இரண்டு நுரையீரல்களில் ஒன்றில் மட்டும் கோளாறு இருந்தால் இப்படித்தான் இருக்கும். ஒன்றில் சளியோ சீழோ நிறைந்து கனத்திருக்கலாம், அல்லது காற்று வெளியேற முடியாமல் அடைபட்டு ஊதியிருக்கலாம். கிருமித் தொற்று, நுரையீரல் புழு, அடிபட்டுக் கிழிந்தது எல்லாம் காரணமாகலாம். வாயைத் திறந்து திறந்து மூடுதல், மூக்கில் குமிழி, வழக்கத்தைவிட அடிக்கடி மூச்சு எடுத்தல் இவையும் சேர்ந்திருந்தால் சந்தேகமே வேண்டாம்.

இதற்கு வீட்டு வைத்தியம் கிடையாது. ஆன்டிபயாட்டிக் வேண்டும், அளவு கிராமுக்குக் கணக்கிட்டுத் தர வேண்டும். மீன் கடையில் கிடைக்கும் டெட்ராசைக்ளின் பொடியைத் தொட்டியில் கரைப்பதால், நல்ல பாக்டீரியா செத்து அம்மோனியா ஏறும், நோயுற்ற தவளைக்கு இரண்டாவது அடி விழும். மருத்துவரிடம் போகும்வரை செய்யக்கூடியது ஒன்று: தண்ணீர்மட்டத்துக்கு மேலே உள்ள காற்று தண்ணீரைவிடக் குளிர்ச்சியாக இல்லாமல் மூடியை இறுக்காமல் மூடிவையுங்கள். ஏசி காற்று நேராகப் படும் இடத்திலிருந்து எடுத்துவிடுங்கள்.

இரண்டு பக்கமும் மாறி மாறிச் சாய்கிறது, சுழன்று சுழன்று நீந்துகிறது என்றால் கோளாறு நுரையீரலில் இல்லை. உட்காதிலோ மூளையிலோ தொற்று, அல்லது தண்ணீரில் நஞ்சு. கொசு மருந்து, அறை வாசனைத் தெளிப்பான் சமீபத்தில் அடித்தீர்களா என்று யோசித்துப் பாருங்கள்.

விரல் சவ்விலும் தோலிலும் பொடிப்பொடிக் குமிழிகள்

இது வாயுக் குமிழி நோய். ஜெனோபஸ் தவளைகளில் நன்றாக ஆராயப்பட்ட ஒன்று. தண்ணீரில் இயல்பாகக் கரையக்கூடியதைவிட அதிகமான வாயு கரைந்திருந்தால், அது தவளையின் ரத்தத்துக்குள்ளும் போய், அங்கே குமிழியாக வெளிப்படும். பின்கால் சவ்வை வெளிச்சத்தில் பார்த்தால் ரத்தக்குழாயிலேயே குமிழிகள் தெரியும், சவ்வு சிவந்திருக்கும், தவளை மிதக்கும். ஒன்று மட்டுமல்ல, தொட்டியில் உள்ள எல்லாத் தவளைகளுக்கும் ஒரே நேரத்தில் வருவதுதான் இதன் அடையாளம்.

உறுதி செய்ய, தொட்டிக்குள் கையை விட்டு ஒரு நிமிடம் அசையாமல் வையுங்கள். கை முடிகளில், கண்ணாடிச் சுவரில், செடியில் எல்லாம் நுண்குமிழிகள் ஒட்டினால் அதுதான்.

நம் வீடுகளில் இதற்கு வாய்ப்புள்ள இடங்கள் இரண்டு. மோட்டார் போட்டவுடன் வரும் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை நேராகத் தொட்டியில் விடுவது ஒன்று. பூமிக்கடியில் அழுத்தத்தில் இருந்த தண்ணீர் அது, வாயு நிறைந்திருக்கும். மற்றது வெளி ஃபில்டர். பம்பு தண்ணீரை உறிஞ்சும் பக்கத்தில் குழாய் இணைப்பு தளர்ந்து காற்றை இழுத்தால், பம்பு அந்தக் காற்றை அழுத்தித் தண்ணீருக்குள் கரைத்துவிடும். குளிர்ந்த குழாய்த் தண்ணீரை வேகமாகச் சூடாக்கி ஊற்றினாலும் இதே கதை, சூடான தண்ணீர் குறைந்த வாயுவையே தாங்கும். தொட்டியில் காற்றுக் குமிழிகளை விடும் ஏர் ஸ்டோன் மேல் பழி போட வேண்டாம். ஆழமில்லாத தொட்டியில் அது அதிகப்படி வாயுவை வெளியேற்றத்தான் உதவும்.

ஒரு வாளித் தண்ணீரை ஒரு நாள் முழுக்க ஏர் ஸ்டோன் ஓடவிட்டு வைத்து, தவளைகளை அதற்கு மாற்றுங்கள். காரணத்தை நிறுத்தினால் லேசானவை தாமாகவே தேறும். சவ்வு கறுத்தால், புண்ணானால் அங்கே கிருமி புகுந்துவிட்டது, மருத்துவம் தேவை.

உடம்பு முழுக்க ஊதிவிட்டது, எடை ஏறுகிறது

பலூனுக்குக் கைகால் முளைத்தாற்போல் இருக்கும். தொடை, தாடைக்குக் கீழே, முதுகு எல்லாம் தளதளவென்று, தோலுக்கடியில் நீர் ஆடுவது தெரியும். டார்ச் ஒளி தெளிவாக ஊடுருவும். இதுதான் நீர்க்கோவை, வளர்ப்பவர்கள் மிகவும் அஞ்சுவது. அஞ்ச வேண்டியதும்தான்.

ஏன் இப்படி ஆகிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், சிகிச்சை முழுவதும் அதிலிருந்துதான் வருகிறது. தவளை வாயால் தண்ணீர் குடிப்பதில்லை. அதன் ரத்தத்தில் உப்பு அதிகம், சுற்றியுள்ள நன்னீரில் குறைவு. அதனால் இரவு பகலாகத் தண்ணீர் தோல் வழியே உள்ளே வந்துகொண்டே இருக்கும். சிறுநீரகங்கள் அதை மிகவும் நீர்த்த சிறுநீராக வெளியேற்றிக்கொண்டே இருக்க வேண்டும். தவளையின் தோல் நம் தோலைப் போல் தசையோடு முழுவதும் ஒட்டியிருக்காது. அடியில் நிணநீர்ப் பைகள் உண்டு. அங்கே சேரும் நீரை நிணநீர் இதயங்கள் என்ற தனித் துடிப்பிகள் ரத்தத்துக்குத் திருப்பி அனுப்பும். சிறுநீரகம், ஈரல், இதயம், நிணநீர் இதயம் இவற்றில் எது தளர்ந்தாலும், அல்லது கிருமி நஞ்சால் ரத்தக்குழாய்கள் கசிந்தாலும், உள்ளே வருவது வெளியே போகாமல் அந்தப் பைகளிலும் வயிற்றறையிலும் தங்கிவிடும். சேர்வது நீர் என்பதால் அது மட்டும் தவளையைத் தூக்காது. ஊதிய உடம்பைக் கால்களால் இயக்க முடியாமல் போவதால்தான் மேலேயே கிடக்கிறது.

இப்போது ஆர்ஓ தண்ணீரைப் பற்றி. சுத்தமான தண்ணீர் நல்லது என்று எண்ணி, குடிக்கும் கேன் தண்ணீரையோ வீட்டு ஆர்ஓ தண்ணீரையோ தவளைக்கு ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். அதில் உப்புகள் மிகக் குறைவு. தண்ணீர் உள்ளே வரும் வேகம் கூடும், சிறுநீரகத்தின் சுமை ஏறும், உடம்பின் உப்பு வெளியே கசியும். ஏற்கனவே தளர்ந்த தவளையை இதுவே தள்ளிவிடும். குளோரின் நீக்கிய குழாய்த் தண்ணீரே மேல்.

தொடையின் உட்புறமும் அடிவயிறும் சிவந்திருந்தால் ஏரோமோனாஸ் போன்ற பாக்டீரியா ரத்தத்தில் கலந்திருக்கிறது, மணிக்கணக்கில் மோசமாகும். தொட்டியில் அம்மோனியா, நைட்ரைட் சோதித்துப் பாருங்கள். இரண்டும் பூஜ்ஜியமாக இருக்க வேண்டும், கொஞ்சம் இருந்தால்கூட அதுதான் தொடக்கமாக இருந்திருக்கும்.

சிகிச்சையின் அடிப்படை, தவளையின் ரத்தத்துக்குச் சமமான உப்புள்ள கரைசலில் அதை வைப்பது. வெளியே உப்பு சமமானால் தண்ணீர் உள்ளே வருவது நின்று, சிறுநீரகத்துக்கு ஓய்வு கிடைக்கும். மருத்துவர்கள் பயன்படுத்தும் நீர்நில வாழ்வி ரிங்கர் கரைசலில் ஒரு லிட்டர் தண்ணீருக்கு சோடியம் குளோரைடு 6.6 கிராம், பொட்டாசியம் குளோரைடு 0.15 கிராம், கால்சியம் குளோரைடு 0.15 கிராம், சோடியம் பைகார்பனேட் 0.2 கிராம். இந்தச் சின்ன அளவுகளை வீட்டில் கணிசமாகத் தப்பாக நிறுத்துவிட வாய்ப்புண்டு, பொட்டாசியம் கூடினால் இதயம் நிற்கும். மருத்துவரிடமோ ஆய்வகம் வைத்திருப்பவரிடமோ தயார் செய்து வாங்குங்கள். தினமும் புதிதாக மாற்ற வேண்டும், எத்தனை நாள் என்பதை எடையைப் பார்த்து மருத்துவர் சொல்வார். மருந்துக்கடைச் சலைன் மனித ரத்தத்துக்காக 0.9 சதவீத உப்போடு செய்தது, தவளைக்கு அது மிகை. ஓஆர்எஸ் பொட்டலம் வேண்டவே வேண்டாம், சர்க்கரையில் கிருமி பெருகும்.

ஊசியால் குத்தி நீரை எடுக்கும் காணொளிகளைப் பார்த்திருப்பீர்கள். மருத்துவர் அதைச் செய்வது மூச்சுமுட்டலைக் குறைக்கவும், எடுத்த நீரைச் சோதித்துக் கிருமியைக் கண்டறியவும். வீட்டில் குத்தினால் அடுத்த நாளே திரும்ப ஊதும், ஒவ்வொரு முறையும் ரத்தப் புரதம் போகும், உள்ளுறுப்பு கிழியும். செய்யாதீர்கள்.

நேரடியாகச் சொல்லிவிடுகிறேன்: சிவப்பு இல்லாமல், இன்னும் சாப்பிடும் தவளையை முதல் ஓரிரு நாளில் கொண்டுபோனால் நம்பிக்கை உண்டு. வாரக்கணக்கில் ஊதி, சாப்பிடாமல் கிடப்பவை பெரும்பாலும் தேறுவதில்லை. சில தொற்றுகளுக்கு, குறிப்பாக மைக்கோபாக்டீரியத்துக்கு, தவளையில் நல்ல சிகிச்சை கிடையாது. அப்போது வலியில்லாமல் முடித்துவைப்பதைப் பற்றி மருத்துவரிடம் கேட்பது தவளைக்குச் செய்யும் நன்மை. ஃப்ரீசரில் வைப்பது வலியில்லாத முறை அல்ல.

பருத்திருக்கிறது, ஆனால் நன்றாகச் சாப்பிட்டு நீந்துகிறது

பெண் தவளையாக இருந்தால் முட்டை. இடுப்பின் இரு பக்கமும் பருத்து, மேலிருந்து பார்க்கப் பேரிக்காய் வடிவம், டார்ச்சில் இருண்டு மணிமணியாகத் தெரியும். கைகால், தாடை ஊதாது. ஆண் இடுப்பைக் கட்டிக்கொண்டு இரண்டும் மேலே மிதப்பதும் இனச்சேர்க்கைதான், பிரிக்க வேண்டாம். குள்ள ஆண் தவளையின் அக்குளுக்குப் பின்னால் வெண்மையாகச் சின்ன மேடு இருக்கும், அது சுரப்பி, கட்டியில்லை.

மேலேயே இருந்து ஏறித் தப்பிக்கப் பார்க்கிறது, தோல் துண்டு துண்டாக உரிகிறது

முதலில் தண்ணீர். குளோரின், அம்மோனியா எரிச்சல் தந்தால் தவளை தண்ணீரை விட்டு விலகப் பார்க்கும். தண்ணீரைச் சரிசெய்ததும் சில மணி நேரத்தில் அமைதியானால் அதுதான் காரணம்.

அமைதியாகவில்லை, தோல் வெண்மையாக மங்கி நூல்நூலாகத் தொங்குகிறது, சாப்பாடு நின்றுவிட்டது, கையில் எடுத்தாலும் தப்பிக்க முயலவில்லை என்றால் கைட்ரிட், அதாவது தவளைகளின் தோலைத் தாக்கும் பூஞ்சை. நலமான தவளையும் தோலுரிக்கும், ஆனால் ஒரே துண்டாக உரித்துத் தின்றுவிடும். நகத் தவளை இந்தப் பூஞ்சையைச் சுமந்துகொண்டு ஒன்றுமில்லாததுபோல் இருக்கும், குள்ளத் தவளையோ செத்துப்போகும். பூஞ்சை 17 முதல் 25 டிகிரியில் நன்றாக வளரும், அதனால் ஏசி அறைத் தொட்டியில் கூடுதல் கவனம் வேண்டும். இட்ராகோனசோல் குளியல் மருந்தை மருத்துவர் அளவிட்டுத் தருவார், அந்தத் தொட்டியிலிருந்த எல்லாத் தவளைகளுக்கும் சேர்த்து. தொட்டித் தண்ணீரைக் குளம், கிணறு, மழைநீர் வடிகால் எதிலும் ஊற்றாதீர்கள். பிளீச்சிங் பவுடர் கலந்து வைத்திருந்து கழிவறையில் ஊற்றுங்கள். நகத் தவளையை ஏரியில் விட்டுவிடலாம் என்ற எண்ணமும் வேண்டாம். சிலி, பிரான்ஸ், கலிபோர்னியா நீர்நிலைகளில் அப்படி வெளியேறியவை இன்று அங்குள்ள உயிரினங்களைத் தின்று பெருகி நிற்கின்றன.

மருத்துவரிடம் போகும்போது

நாய், பூனை மட்டும் பார்க்கும் மருத்துவமனையில் தவளையைக் காட்டுவது பயன் தருவது அரிது. அயல் பிராணிகளைப் பார்ப்பவரா என்று போனில் கேட்டுவிட்டுப் புறப்படுங்கள். சென்னையில் இருப்பவர்கள் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் விசாரிக்கலாம். தவளையை மூடியுள்ள டப்பாவில் உடம்பு நனையும் அளவு தண்ணீரோடு, குலுங்காமல், நிழலில் கொண்டுபோங்கள். கூடவே ஒரு பாட்டிலில் தொட்டித் தண்ணீர், எடைக் குறிப்பு, கடைசியாகச் சாப்பிட்டதும் மலம் கழித்ததுமான நாள், ஏற்கனவே ஊற்றிய மருந்துகளின் பெயர், முடிந்தால் மலம், தவளை மிதக்கும் விதத்தின் செல்போன் காணொளி. மேசைமேல் வைத்துப் பார்த்தால் சாய்வு தெரியாது, காணொளிதான் அதைக் காட்டும்.

தொட்டிக்குத் திரும்புதல்

தேறிய தவளையை ஒரேயடியாக ஆழத்தில் விடக்கூடாது. டப்பாவிலேயே தண்ணீரை நாளுக்கு மூன்று நான்கு சென்டிமீட்டர் ஏற்றி, ஒவ்வொரு அளவிலும் அடியில் தங்கி ஓய்வெடுக்கிறதா என்று பாருங்கள். பிறகு பெரிய தொட்டியில், நீர்மட்டத்துக்கு அருகே வரை உயரும் அகன்ற இலைச் செடிகளோ படிபோன்ற கற்களோ வைத்தால் இடையில் நின்று மூச்சு வாங்கும். ஃபில்டரின் ஓட்டத்தைக் குறைத்துவையுங்கள். உணவு முதல் வாரம் வழக்கமானதில் பாதி. மறுபடி மிதந்தால் முந்தைய ஆழத்துக்கே இறக்கிவிட்டு, தராசை எடுத்து எடையைப் பாருங்கள்.